எந்த ஊர் மாதா

மஹபூப் பாஷா மாதாவைத் தலைகீழாகக் கவிழ்த்ததும் ஆரோக்கியமேரிக்குப் பகீரென்றது.

ஆனாலும் தடுக்கவில்லை. வெள்ளைக்காரர் வீட்டுப் பழைய சாமான்களை வாங்கி லாங் பஜாரில் விற்பவர் அவர். பீங்கானைத் தொட்டுப் பார்த்தே அது பிறந்த ஊரைச் சொல்லிவிடுவார் என்று கேள்விப்பட்டுத்தான், ஆம்பூரிலிருந்து ரயிலேறி வேலூருக்கு வந்திருந்தாள்.

அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். இது எந்த ஊர் மாதா?

அது தெரிந்தால் புருஷன் சூசைநாதன் இருக்கிற இடம் தெரிந்துவிடும்.

மாதா ஒருத்திதான். ஆனால் கோயிலுக்குக் கோயில் அவளுக்கு உடுப்பு வேறு, நிற்கிற நிலை வேறு. வேளாங்கண்ணிக்குப் போனவர்கள் வேளாங்கண்ணி மாதாவைத்தான் வாங்கி வருவார்கள். அவனும் தான் போய்ச் சேர்ந்த ஊரின் கோயில் வாசலில்தானே இதை வாங்கியிருப்பான்?

தோல் பதனிடத் தெரிந்தவனுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் ராஜ மரியாதை என்று எவனோ சொன்னதை நம்பிக் கப்பலேறிய மகராசன் அவன். வருஷங்கள் ஓடிப்போயின. ஒரு சேதி கிடையாது. தாலியைக் கழற்றிவிடு என்று சொன்ன அண்ணனோடு அவள் பேச்சையே நிறுத்திவிட்டாள்.

போன தவக்காலத்தில் இந்தப் பீங்கான் மாதா வந்து சேர்ந்தது. கப்பலில் வந்த எவனோ பட்டணத்துத் துறைமுகத்தில் ஒருவனிடம் கொடுத்திருக்கிறான். அவன் தோல் மண்டி வண்டிக்காரனிடம் கொடுத்திருக்கிறான். ‘ஆம்பூர் சூசைநாதன் பெண்டாட்டிக்கு’ என்ற வார்த்தை மட்டும் பத்திரமாகக் கூட வந்தது. எங்கே கப்பலேறியது என்பதை வழியில் யாரோ மறந்து தொலைத்துவிட்டார்கள்.

வெள்ளை உடுப்பு, தலையில் முக்காடு, கையில் பூங்கொத்து. பார்த்ததும் தெருவே முழந்தாளிட்டது.

முழங்கையோரம் மட்டும் கறுப்பாக ஒரு சில்லு. மெழுகுவத்திக் கரியாக இருக்கும் என்று தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

தினமும் மண்டியில் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடித்துவிட்டு வந்து, கையைக் கழுவி, அதன் முன்னால் உட்கார்ந்து அவனைக் கேட்டாள். வேறெதையும் கேட்கவில்லை. எவ்வளவு குளித்தாலும் அவன் மேலிருந்து போகாத அந்தப் பச்சைத்தோல் வாடைக்கு, ஒரு காலத்தில் மூக்கைப் பொத்தியவள், இப்போது ஏங்கிக் கிடந்தாள்.

பங்குச் சாமியாருக்கே இது எந்த மாதா என்று பிடிபடவில்லை.

“ஜெர்மனி,” என்றார் பாஷா, அடியில் பொறித்திருந்த எழுத்தைப் பார்த்துவிட்டு.

அவள் சட்டென்று முன்னால் வந்தாள். “அங்கியா இருக்காரு, பாய்?”

“அட, நீ ஒண்ணு. அங்க செஞ்சி, ஊரு ஊருக்குப் பெட்டி பெட்டியா அனுப்புறாம்மா. இத வெச்சி ஒரு ஊரையும் சொல்ல முடியாது.”

பிறகு அதை வெளிச்சத்தில் பிடித்து, அடிப்பாகத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். தெரிந்தவரைச் சந்தையில் பார்த்துவிட்டதுபோல் அவர் முகம் மலர்ந்தது. கண்ணாடி அலமாரியைத் திறந்து இன்னொரு பொம்மையை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார்.

அதே முக்காடு. அதே பூங்கொத்து. ஆனால் பக்கத்தில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஓர் ஆண் நின்றான். அவள் கை அவன் கைக்குள் கோத்திருந்தது.

“கல்யாணக் கேக்கு மேல வெக்கிற பொம்மைம்மா. பொண்ணு, மாப்ள. தொரைங்க மட்டும் இல்ல, கடல் தாண்டிப் போன நம்ம ஜனங்களும் இப்ப கேக்கு வெட்டித்தான் கல்யாணம் கட்டுது. இதுல மாப்ளய அறுத்து எடுத்துட்டாங்க. தோ, அவன் கோட்டுத் துண்டு இன்னும் ஒட்டிக்கினு இருக்குது பாரு. யாரு குடுத்தா உனக்கு?”

“எங்க வூட்டுக்காரரு.”

பாஷாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நாக்கைக் கடித்துக்கொண்டார். அலமாரியை மூடுகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டு, மெதுவாகச் சொன்னார்:

“ஆம்பளைங்க இதத் தொடவே மாட்டாங்கம்மா. கட்டிக்கினவதான் சாவற வரிக்கும் பீரோவுல வெச்சிப் பூட்டிக்குவா. அவளேதான் அறுத்து அனுப்பியிருக்கணும்.”

ரயிலில் அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவனைத் திட்டினாள். முகம் தெரியாத அந்தச் சிறுக்கியைத் திட்டினாள். குடியாத்தம் தாண்டியதும் பொம்மையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியும்விட்டாள். விரல்கள்தான் விடவில்லை.

ஆம்பூரில் ஒருத்தி இருக்கிறாள் என்பது அங்கே அவளுக்கு எப்படித் தெரியும்? அவன்தான் சொல்லியிருக்க வேண்டும். என்றைக்கோ ஒரு நாள் அவன் வாயில் தன் பேச்சு வந்திருக்கிறது. அதை நினைத்ததும் வெட்கங்கெட்ட மனசு கொஞ்சம் குளிர்ந்தது.

அது தெரிந்த பிறகு அவன் பக்கத்தில் நிற்கப் பிடிக்காமல்தான், அவள் தன்னை அறுத்துக்கொண்டிருக்கிறாள். உன் புருஷன் இனி எனக்கு வேண்டாம் என்று, உரியவளுக்குச் சொல்லியும் அனுப்பியிருக்கிறாள்.

வீட்டு வாசலில் ஜெபத்துக்குப் பெண்கள் கூடியிருந்தார்கள். பக்கத்து வீட்டுச் செல்லம்மாள்தான் முதலில் கேட்டாள்.

“எந்த ஊரு மாதாவாம்?”

“ரொம்ப தூரமாம் அக்கா.”

பொம்மையை அதன் இடத்தில் வைத்து மெழுகுவத்தியை ஏற்றினாள். எல்லாரும் முழந்தாளிட்டார்கள். அவளும் முழந்தாளிட்டு அந்த வெள்ளை முகத்தையே பார்த்தாள். மற்றவர்கள் மாதாவைக் கூப்பிட்ட சத்தத்தில் அவள் கேட்டது யார் காதிலும் விழவில்லை.

“தங்கச்சி, நீதான் வுட்டுட்டியே. அவரு ஏன் இன்னும் வூடு வந்து சேரல?”