மூக்கு நிழல்

"டேய், இன்னும் கொஞ்சம் பின்னாடி போ. அந்த ஃபேன் பெட்டிகிட்ட போய் நில்லு. இப்ப என் மூஞ்சி தெரியுதா?"

"தெரியுதும்மா. லட்சணமா தெரியுது."

"லட்சணத்தை யாரு கேட்டா? வாய் தெரியுதா?"

விளக்குக் கடையின் கூரை முழுக்க வட்ட வட்டமாக எல்.இ.டி. டவுன்லைட்டுகள். அதில் ஒன்றின் நேர் கீழே, கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றாள் அம்மா. மகன் உற்றுப் பார்த்தான். நெற்றி மட்டும் பளபளத்தது. அதற்குக் கீழே எல்லாம் ஒரே மசமசப்பு.

"மூக்கு நிழல் வாய்மேல விழுதும்மா."

"அப்ப இது வேண்டாம். தம்பி, அடுத்ததைப் போடுங்க."

கடைக்காரர் பெருமூச்சு விட்டபடி அடுத்த சுவிட்சைத் தட்டினார். பாவம், அவரும் என்னதான் செய்வார்! மஞ்சள் வெளிச்சம் என்றால் இந்த அம்மாவுக்குத் தூக்கம் வருகிறது. வெள்ளை என்றால் கண் கூசுகிறது. சின்ன வட்டமாக விழுந்தால், "பேய் மாதிரி இருக்கேன்" என்கிறாள்.

"ஏம்மா, வீட்டு ஹால்ல நாடகம் எதுவும் போடப் போறீங்களா?"

"ஆமா, தினமும் ரெண்டு வேளை. நீங்க அடுத்ததைப் போடுங்க தம்பி."

கடைக்காரர் சிரித்துவிட்டார். மகனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஹாலில் புதுச் சீலிங் போட்டாயிற்று, எந்த விளக்கு, எந்த இடம் என்று சொல்லிவிட்டால் எலக்ட்ரீஷியன் நாளைக்கே வந்து ஓட்டை போட்டுவிடுவார். எல்லாம் சரிதான். ஆனால் அவன் கல்யாணமே அந்தரத்தில் தொங்கும்போது விளக்கா முக்கியம்?

அவன் மனசுக்குப் பிடித்தவள் அவன் ஆபீஸில்தான் வேலை பார்க்கிறாள். அவளைப் பற்றி அம்மாவிடம் சொன்ன அன்று, "அவளோட நான் எப்படிடா குப்பை கொட்டுவேன்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதற்குப் பிறகு வாய்க்குப் பூட்டு. அப்பாவும் இல்லாத வீடு. அம்மாவை அழவைத்துவிட்டுக் கட்டிக்கொள்ள அவனுக்கும் இஷ்டமில்லை, அவளுக்கும் இஷ்டமில்லை. எப்படியும் இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்வதாக அவள் வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தான்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

'கேட்டாச்சா?'

'விளக்கு வாங்கிட்டிருக்கோம்' என்று பதில் அனுப்பினான். அடுத்த நொடி சிவந்துபோன பொம்மை முகம் ஒன்று வந்து அவனை முறைத்தது.

"அம்மா, அந்த விஷயம்..."

"எந்த விஷயம்?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காதே. இன்னிக்கு நான் அவங்களுக்குப் பதில் சொல்லியாகணும்."

"முதல்ல விளக்கு. தலையை ஆட்டாம நேரா பாரு. இப்ப வாய் தெரியுதா?"

ஆசை ஒரு பக்கமும் பயம் ஒரு பக்கமும் பிடித்து இழுக்கிறவனுக்கு மூளை வேலை செய்யுமா? அவனுக்குச் சுரீரென்று கோபம் வந்துவிட்டது.

"வாயாம் வாய்! அந்த வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறே. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிடும்மா. இப்படி விளக்கைக் காட்டி நாளைக் கடத்தாதே. என்னால தாங்க முடியல."

குரல் உடைந்துவிட்டது. கடைக்காரர் சட்டென்று திரும்பி, ஒழுங்காக இருந்த வயர் சுருள்களை மறுபடியும் ஒழுங்காக அடுக்க ஆரம்பித்தார்.

அம்மா அப்படியே பின்னால் நகர்ந்து, சுவரோரம் கிடந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அவள் தலைக்கு மேல் இருந்த விளக்கு இப்போது அவளுக்கு முன்னால் போய்விட்டது. பால் போல மூடி போட்ட அகலமான விளக்கு அது. அதன் வெளிச்சம் அவள் முகம் முழுக்க மெத்தென்று பரவியது.

"தெரியுதும்மா" என்றான் மகன் மெதுவாக.

"என்ன தெரியுது?"

"எல்லாம். கண்ணுல தண்ணி நிக்கிறது வரைக்கும் தெரியுது. மன்னிச்சுக்கோம்மா, அவசரப்பட்டுட்டேன்."

"அழுகையை விடுடா. வாய்?"

"வாயும்தான். பளிச்சுனு."

அம்மாவின் முகம் அப்படி மலரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. கடைக்காரரும் ஓடிவந்தார்.

"அதேதாம்மா! தலைக்கு நேரா போட்டா நிழல் விழத்தான் செய்யும். நீங்க உக்கார்ற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால தள்ளிப் போடச் சொல்லுங்க. இந்த மாடலையே பேக் பண்ணிடட்டுமா?"

"இருங்க தம்பி, ஒரு தடவை சரிபார்த்துடறேன். டேய், நீ அங்கேயே நில்லு. கிட்ட வராதே."

தொண்டையைச் செருமிக்கொண்டாள். நிமிர்ந்து உட்கார்ந்து, மகனை நேராகப் பார்த்து, நிறுத்தி நிதானமாக உதடுகளை அசைத்தாள். ஒரு சத்தமும் வரவில்லை.

மகன் பயந்துபோனான். "என்னம்மா ஆச்சு? குரலே வரலையே!"

"குரல் எதுக்குடா, வரப்போறவளுக்குத்தான் காது கேக்காதே! 'எப்ப நம்ம வீட்டுக்கு வரே, மருமகளே'ன்னு கேட்டேன், என் உதட்டைப் பாத்தா புரியுதா இல்லையா, அதைச் சொல்லு முதல்ல!"