சங்கு கைபட்ட ஃபைல்

“என் உயிரே அந்த ஃபைல்லதான் இருக்கு” என்று மேனேஜர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பல வருஷத்து மெயில்களை மூட்டை கட்டி வைத்திருந்த ஃபைல், விசாரணைக் குழு வந்து இறங்கிய அன்றைக்குப் பார்த்து, திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. அதற்கும் நாள், நேரம் பார்க்கத் தெரிந்திருந்தது.

விவகாரம் இதுதான். புத்தம்புது மோட்டார்களைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டதாகப் புகார் வந்து, கிடங்கு அக்காவின் வேலை ஊசலாடிக்கொண்டிருந்தது. மேனேஜர் மெயில் போட்டுச் சொன்னதால்தான் செய்தேன் என்றார் அக்கா. காட்டு என்றால் எதைக் காட்டுவார்? அக்காவின் கம்ப்யூட்டரை வேகமாக்கித் தரச் சொல்லிப் போன மாதம் மேனேஜரே சங்கை அனுப்பியிருந்தார். வேகம் வரவில்லை, மெயில் எல்லாம் போய்விட்டது.

சங்கு என்பது கம்ப்யூட்டர் பிரிவு ஆளின் பட்டப்பெயர். அவன் தொட்டால் மெஷினுக்குச் சங்கு ஊதியாயிற்று என்று அர்த்தம். வலது பக்க மெஷினைப் பார்க்கச் சொன்னால் இடது பக்கத்து மெஷினைப் பிரித்துப் போடுகிற ரகம்.

“அந்தம்மா சொல்றது நிஜம்னா இந்த ஃபைல்ல இருக்கணும். நானே எடுத்துக் குடுக்கறேன்” என்றார் மேனேஜர். மனுஷன் என்றால் இவரல்லவா என்று குழுத் தலைவி நெகிழ்ந்துபோனார்.

வெளியிலிருந்து நிபுணரைக் கூப்பிடலாமே என்றார்கள். நம்ம ஆளை நாமே நம்பாவிட்டால் எப்படி என்று மேனேஜர் சங்கின் தோளில் தட்டினார். முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டவனை, நேரத்தை வீணாக்காமல் நேராக அதிலேயே கை வைக்கச் சொன்னார்.

கிடங்கு அக்கா சங்கை ஒரு பார்வை பார்த்தார். அதோடு நம்பிக்கை போய், மேஜை மேலிருந்த மகளின் போட்டோவை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் சங்கு மேனேஜர் அறையில் தலை குனிந்து நின்றான். ரிப்பேர் பாதியில் ஃபைல் மொத்தமாகப் போய்விட்டதாம்.

மேனேஜர் மெல்லக் கதவைச் சாத்தினார். முகம் தெளிந்துவிட்டது. “விடுப்பா. இதை உன்னைத் தவிர யாராலயும் பண்ணியிருக்க முடியாது” என்று தன் காபியையே அவன் பக்கம் நகர்த்தினார்.

காபியைக் குடித்து முடித்தவன் தலையைச் சொறிந்தான். “நடுவுல ஒரு தப்பு பண்ணிட்டேன் சார். உங்க ஃபைல்னு நெனச்சு, சர்வர்ல தானா சேர்ற அதோட பழைய நகலைத் தட்டிட்டேன்.”

“தட்டி?”

“அது பாட்டுக்குத் திறந்துக்கிச்சு சார், விசாரணைக் குழு மேடம் படிச்சுட்டிருக்காங்க.”