புலிப் படுதா

“இன்னிக்கு நீ சொல்ல வேண்டிய வார்த்தை ஒண்ணே ஒண்ணு. ‘சரி.’ அதுக்கு மேல ஒரு எழுத்து வாயிலேர்ந்து வந்துது, நாளைக்கே வேற ஓவியனைப் பார்த்துப்பேன்!” என்றார் நாடகக் கம்பெனி மானேஜர் ஹாலாஸ்யம் ஐயர்.

“சரி, சாமி” என்றான் பேயாண்டி.

“அந்த ‘சாமி’யும் வேண்டாம்.”

ஐயரைக் குற்றம் சொல்ல முடியாது. பேயாண்டி பிரஷ்ஷை எடுத்தால் துணியில் காடு முளைக்கும். அந்தக் காட்டைக் குறை சொன்னவன் மண்டையிலும் ஏதாவது முளைக்கும். போன மாதம் அரண்மனைத் தூண் கோணல் என்று மிருதங்கக்காரர் சொல்லப்போக, அவன் வீசிய பிரஷ் கொட்டகைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய், வைகையைத் தாண்டி, செல்லூரில் மேய்ந்த ஒரு வெள்ளை மாட்டின் முதுகில் நீலப் பட்டை போட்டதாக ஆரப்பாளையம் முழுக்கப் பேச்சு. பார்த்ததாகச் சத்தியம் செய்தவர்கள் மட்டும் நாற்பது பேர்.

அதற்குப் பிறகுதான் ஐயர் புது ஏற்பாடு கொண்டுவந்தார். வரைந்தவன் படுதாவுக்குப் பின்னால் உட்கார வேண்டும். பார்ப்பவர்கள் முன்னால் உட்கார்ந்து, வேஷக் குரலில் குறை சொல்ல வேண்டும். சும்மா குறை சொன்னால் போதாது, என்ன செய்தால் சரியாகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யார் சொன்னது என்று தெரியாவிட்டால் யாரைப் போய் அடிப்பான்?

இன்று பார்வைக்கு வந்திருப்பது புலிப் படுதா. பேயாண்டி பதினோரு நாள் சோறு தண்ணி மறந்து வரைந்தது. அவன் பின்பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, வர்ணம் அரைக்கிற மொக்கையன் அவனுடைய இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்திருந்தான். அதுவும் ஐயர் ஏற்பாடுதான்.

முன்பக்கத்திலிருந்து ராஜா குரல் முழங்கியது. “அடேய் சித்திரக்காரா! அருவியில் பால் கொட்டுகிறது. கொஞ்சம் நீலம் சேர்த்துத் தண்ணீராக்கு!”

“சரி.”

“பல்லைக் கடிக்காத மாப்ள, எனக்குக் கூசுது” என்றான் மொக்கையன்.

அடுத்து நாரதர் குரல். “நாராயண! நாராயண! நிலா எதற்கு இவ்வளவு பெரிது? மரத்தில் தோசைக்கல்லைத் தொங்கவிட்ட மாதிரி இருக்கிறதே. பாதியாகக் குறை!”

“ச...ரி.”

பிறகு ஒரு பெண் குரல். “இந்தப் புலியைப் பாத்தா எனக்குப் பயமே வரலையே!”

பேயாண்டி உட்கார்ந்த வாக்கில் ஒரு முழம் எழும்பினான். “ஸ்திரீபார்ட் சின்னச்சாமிதானடா அது? பொம்பளக் குரல்ல பேசுனா விட்டுருவேனா? அவன் ஒட்டுச் சடையை அறுத்து...”

“மெதுவா மாப்ள! இம்புட்டு அகலத் துணியை வேற எவன் உன்னைய நம்பிக் குடுப்பான்? வெளிய போனா சுவத்துக்குச் சுண்ணாம்புதான் அடிக்கணும். ‘சரி’ன்னு சொல்லித் தொலை!”

“சரி.” அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குள் பேயாண்டிக்கு வேட்டி நனைய வியர்த்துவிட்டது.

“புலி மேல தப்பு இல்ல. நல்லாத்தான் இருக்கு” என்றது அந்தக் குரல். “தப்பு பூராம் மான் மேல. புலி நாலு எட்டுல நிக்கிது, மான் காதைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிதே! எங்கூட்டு ஆடு, நரி வாடை பட்டாலே காதை நட்டமா நிறுத்திப்புடும். அந்த மானே பயப்படலன்னா, பாக்குறவுகளுக்கு எப்படிப் பயம் வரும்? புலியைத் தொட வேணாம். மான் காதை மட்டும் நிமித்துங்க.”

மொக்கையன் கண்ணை மூடிக்கொண்டு, கொட்டகை இடியக் காத்திருந்தான். இடியவில்லை. கண்ணைத் திறந்தால், பேயாண்டி வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தான்.

“அட, ஆமால்ல!”

அடுத்த கணம் கையை உதறிக்கொண்டு, பிரஷ்ஷும் வர்ணச் சட்டியுமாக முன்பக்கம் பாய்ந்தான்.

“ஓடுங்க! கொலை விழப்போகுது!” என்று அலறினான் மொக்கையன்.

பேயாண்டி யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேரே மானிடம் போனான். தொங்கிய காதுகளை அழித்து, நிமிர்த்தி இரண்டே இழுப்பு. அவ்வளவுதான். பிரஷ் படாத புலி, இதோ பாயப்போகிறேன் என்று பதுங்கியது. ராஜா குரல் கொடுத்த காசிமாயன் பெஞ்சியிலிருந்து சரிந்தான். வாசலில் படுத்திருந்த நாய் ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுத்த ஓட்டம், காளவாசல் தாண்டித்தான் நின்றது.

“சின்னச்சாமி அண்ணே! எம் பதினோரு நாள் உசுரை ரெண்டே காதுல காப்பாத்திட்டியேண்ணே!” என்று பேயாண்டி கட்டிப்பிடிக்கக் கையை விரித்துக்கொண்டு திரும்பினான். விரித்த கை விரித்தபடி நின்றுவிட்டது.

பெஞ்சியில் கண்டாங்கிச் சேலை கட்டிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தலைப்பாகைக்காரர் ஒருவர், மடியில் வெற்றிலைத் தட்டோடு.

“சின்னச்சாமி ஊருக்குப் போய் மூணு நாளாச்சுடா” என்றார் ஐயர். “இவர் திருவாதவூர் வீரணன். இது இவர் பொண்ணு தங்கப்பொண்ணு. உங்க அக்கா பேசி வச்ச சம்பந்தம். குறை சொன்னா பிரஷ்ஷை வீசறவனுக்குப் பொண்ணு இல்லேன்னு இவர் கிளம்பிட்டார். பொண்ணுதான், ‘நானே ஒரு குறை சொல்லிப் பாத்துட்டு வாரேன்’னுது. இன்னிக்குப் பார்வைக்கு வச்சது உன்னைத்தாண்டா!”

வீரணன் மகள் பக்கம் குனிந்தார். “என்னத்தா, எப்படி?”

தங்கப்பொண்ணு படுதாவைப் பார்த்த அதே பார்வையை மேலிருந்து கீழாக ஒரு முறை பேயாண்டி மேல் ஓட்டினாள்.

“மீசை எடப்பக்கம் ஏறிக் கிடக்கு, ஐயா. ரெண்டையும் சமமாக் கத்தரிக்கச் சொல்லுங்க. மத்தபடி எனக்குச் சம்மதம்.”