அளந்த கை

“அடுத்தது யாரு தெரியுமா மேடம்? நாடா சார்!”

பட்டியலைப் படித்த சோலார் தம்பிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சூரிய மின்தகட்டில் ஆராய்ச்சி செய்பவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர்.

இயக்குநர் சிரிக்கவில்லை. “உள்ள வரச் சொல்லுங்க.”

இயக்குநருக்குப் பின்னால், சுவரில், சட்டம் போட்ட ஒரு பத்திரிகைப் பக்கம். ‘தையல்காரம்மாவின் மகள், பசுமை எரிசக்தி மையத்தின் தலைவி’ என்று தலைப்பு. தையல் மெஷின் முன்னால் அம்மா, பக்கத்தில் மகள். இன்டர்வியூவுக்கு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

நாடா சாரும் நின்று படித்தார். அறுபதைத் தாண்டிய ஆள். சட்டைக் காலர் நைந்திருந்தது. இஸ்திரி மட்டும் கச்சிதம்.

வேலை ஒன்றும் பெரிய வேலை இல்லை. முக்கால்வாசி மரம் வெட்டப்பட்ட ஒரு மலையில் மையம் புதிதாகக் கன்றுகள் நட்டிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏறிப்போய் அளந்து குறிக்க ஓர் ஆள் வேண்டும். அதுவும் தற்காலிகம்தான்.

“காட்டு ஆராய்ச்சியில டாக்டர் பட்டம், இருபத்திரண்டு வருஷ அனுபவம். நீங்க எதுக்கு சார் கன்னு அளக்க வர்றீங்க?” என்றார் சோலார் தம்பி.

“அந்த மலைங்கிறதால வந்தேன்.”

“அது நீங்க மொட்டையடிச்ச மலையாச்சே!”

“ஆமா.”

இந்தத் துறையில் அந்தக் கதை தெரியாதவர்கள் கிடையாது. அந்த மலையில் இருந்த வயதான மரங்களின் சுற்றளவை ஐந்து வருடம் கழித்து மறுபடி அளந்தார்கள். ஒரு மரமும் வளரவில்லை என்று வந்தது. வளராத மரம் கரியமில வாயுவை உறிஞ்சாது, வெட்டிவிட்டு வேறு நடலாம் என்று நாடா சார் கட்டுரை எழுதினார். மரத்தை எரித்துப் பசுமை மின்சாரம் எடுக்கிறோம் என்ற ஒரு கம்பெனி, அந்தக் கட்டுரையைக் காட்டியே அனுமதி வாங்கிவிட்டது.

முக்கால் மலை காலியான பிறகுதான் தெரிந்தது, அளந்தது ஸ்டீல் டேப் இல்லை, துணி நாடா என்று. மழையில் நனைந்து நனைந்து நாடா நீண்டுவிட்டது. நாடா நீண்டால் அளவு குறைவாகத்தானே காட்டும்? மரங்கள் பாட்டுக்கு வளர்ந்துகொண்டுதான் இருந்தன.

“காலேஜ் பசங்ககூட இப்படிப் பண்ண மாட்டாங்களே சார்! சரி, தையல் நாடா அஞ்சடிதான் இருக்கும். அவ்வளவு பெரிய மரத்துக்கு எப்படிப் பத்துச்சு?”

“ரெண்டு நாடாவை ஒண்ணாச் சேர்த்துத் தைச்சிருந்தது.”

“யாரு, நீங்களா தைச்சீங்க?”

பெரியவர் சற்று யோசித்தார். “தையல்ல குத்தமில்ல தம்பி. நாடாதான் இழுத்துக்கிச்சு.”

சோலார் தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். இயக்குநர் ஃபைலிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

பெரியவர் முதல்முறையாக அந்தப் பக்கம் திரும்பினார்.

“மேடம், இன்னும் நாலஞ்சு வருஷம் மலையேறத் தெம்பு இருக்கு. கண்ணும் நல்லாத் தெரியுது. அந்த மலையில ஏதோ ஒண்ணு வளருதுன்னு என் கையால ஒரு தடவை எழுதணும். அவ்வளவுதான். வேற எதுவும் கேக்கல.”

சோலார் தம்பியின் சிரிப்பு நின்றுவிட்டது. பாவம், அவருக்கே மனசு கேட்கவில்லை.

“ஒரு வருஷம் கொடுத்துப் பார்க்கலாமா மேடம்? நான் கூடப் போய் செக் பண்ணிக்கறேன்.”

“வேண்டாம்” என்றார் இயக்குநர். “அளவுல தப்புப் பண்ணினவங்க பேரு நம்ம ரிப்போர்ட்ல வரக் கூடாது. நாளைக்கு எவனாவது பழசைக் கிளறினா மையத்துக்குத்தான் அசிங்கம்.”

பிறகு, மேஜையைப் பார்த்துக்கொண்டே, “மன்னிக்கணும். நீங்க போகலாம்.”

பெரியவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவருகில் போனவர் மறுபடி அந்தப் பத்திரிகைப் படத்தைப் பார்த்தார்.

“அம்மா நல்லா இருக்காங்களா?”

“ம்.”

“இன்னும் தைக்கிறாங்களா?”

இயக்குநர் அடுத்த விண்ணப்பத்தைப் புரட்டினார். பெரியவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

“தெரிஞ்சவரா மேடம்?”

“கொஞ்ச நாள் அவர்கிட்ட ஆராய்ச்சி மாணவியா இருந்தேன். அடுத்தவங்களைக் கூப்பிடுங்க.”

சொல்லிவிட்டு இயக்குநர் அந்த விண்ணப்பத்தில் நிராகரித்த காரணத்தை எழுதினார். ‘அளவெடுப்பதில் நம்பகமில்லாதவர்.’

ஸ்டீல் டேப்பை ஓடையில் தொலைத்துவிட்டு, திட்டு விழுமே என்று யாரிடமும் சொல்லாமல், அம்மாவிடம் இரண்டு நாடாவைச் சேர்த்துத் தைத்து வாங்கிவந்து நானூற்றுப் பன்னிரண்டு மரங்களையும் அளந்தது, இதை எழுதிய அதே கைதான். தப்பு வெளியே வந்த வாரம்தான் அந்த மாணவிக்கு முதல் வேலைக்கான ஆர்டர் வந்திருந்தது. ‘அளந்தது நான்’ என்று பெரியவர் எழுதிக் கொடுத்து, வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.