பதினைந்து நிமிடத் தொலைவு

“வீட்டுலேர்ந்து ஸ்கூலுக்கு சைக்கிள்ல எத்தனை நிமிஷம்? எழுதி நெஞ்சுக்கு நேராப் பிடிங்க” என்றார் கணக்கு ஆசிரியர் வெசெலிங்.

ஃபென்னாவின் கையிலிருந்த சின்ன வெள்ளைப் பலகை காலியாகவே இருந்தது.

உண்மையான விடை இரண்டு நிமிடம்.

அதை அவள் எழுதக் கூடாது. அவளும் அம்மாவும் இருப்பது, அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி வந்த பெண்கள் பிள்ளைகளோடு தங்கும் இடம். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. முகவரியை யாருக்கும் சொல்ல மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவார்கள். பன்னிரண்டு வயது ஆகிவிட்டதால் ஃபென்னாவும் போட்டிருந்தாள்.

போன ஊரில் ஒரு சிநேகிதியிடம் தெருப்பெயரை மட்டும் சொன்னாள். பத்தே நாளில் அப்பா கதவைத் தட்டினார்.

பள்ளியிலிருந்து இரண்டு நிமிடத்தில் இருப்பது ஒரே ஒரு தெருதான்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது. மண்டையைப் பிளக்கும் எதிர்க்காற்றில் பண்ணை வீட்டிலிருந்து வரும் பஸ்தியான் மட்டும் ஐம்பத்தைந்து. ஓரத்தில் இருப்பவர்களைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள். நடுவில் இருப்பவர்களை யார் கண்டுகொள்ளப் போகிறார்கள்?

பதினைந்து என்று எழுதினாள்.

“இப்போ சின்ன எண்லேர்ந்து பெரிய எண் வரைக்கும் வரிசையா நில்லுங்க.”

நாற்காலிகள் இழுபட்டன. சுவரோரமாக இருபத்து நான்கு பேரும் தோளோடு தோள் நின்றார்கள். ஃபென்னாவை அடுத்து யோரித் நின்றான். வகுப்பில் வாயே திறக்காத பையன். அவன் பலகையிலும் பதினைந்துதான்.

வெசெலிங்குக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஒரு விஷயம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும்போதெல்லாம் அவர் சட்டைக் கையை மடித்துக்கொள்வார்.

“எல்லா எண்ணையும் கூட்டி இருபத்து நாலால வகுத்தா கூட்டுச்சராசரி. ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு. அந்தச் சிக்கலோட பேரு பஸ்தியான்.”

“நான் என்ன சார் பண்ணேன்?”

“நீ ஒருத்தனே மொத்தச் சராசரியையும் உன் பண்ணைப் பக்கம் இழுத்துட்டுப் போயிடுற. நாளைக்கு நீ ஸ்பெயினுக்கே குடி போனாலும் அசையாத ஒரு அளவு இருக்கு. இடைநிலை அளவு. அதைக் கணக்கே போடாமக் கண்டுபிடிக்கலாம். பாருங்க. ரெண்டு ஓரத்துலேர்ந்தும் ஒவ்வொருத்தரா உட்காருங்க.”

இடது ஓரத்துப் பெண்ணும் பஸ்தியானும் உட்கார்ந்தார்கள்.

அடுத்த இருவர். அதற்கடுத்த இருவர்.

வரிசை இரண்டு பக்கமும் கரைந்துகொண்டே வந்தது. அது யாரை நோக்கி வருகிறது என்று ஃபென்னாவுக்குப் புரிந்தபோது, உட்கார்ந்தவர்கள் எல்லோரும் மிச்சம் நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறு பேர்.

நான்கு பேர்.

வலப்பக்கம் நின்ற பெண் உட்கார்ந்ததும் அந்த இடத்தில் ஜன்னல் குளிர் வந்து நின்றது.

ஃபென்னாவும் யோரித்தும் மட்டும் மிஞ்சினார்கள்.

“இவங்கதான் நம்ம வகுப்போட நடு. ரெண்டு பேருக்கும் பதினைஞ்சு, அதனால இடைநிலை அளவும் பதினைஞ்சு. நம்ம வகுப்பைப் பத்தி யாராவது கேட்டா இவங்களைத்தான் காட்டணும்.” வெசெலிங் மேசை நுனியில் உட்கார்ந்தார். “சொல்லு ஃபென்னா, எந்த வழியா வர்ற?”

அவளுக்கு இந்த ஊரில் தெரிந்தது பள்ளியும் கடையும் ஒரு பாலமும்தான்.

“பாலம் தாண்டி, கால்வாய் ஓரமா.”

“நீ?”

யோரித் ஷூவைப் பார்த்தபடி சொன்னான். “நானும் அதே வழிதான் சார்.”

ஃபென்னா சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். அந்த வழியில் நிஜமாகவே ஒருவன் இருக்கிறான். தினமும் போகிறான், தினமும் வருகிறான், அவளை ஒரு நாளும் பார்த்ததில்லை.

“அப்புறம் ஏன் இத்தனை நாளாத் தனித்தனியாப் போறீங்க? இன்னைக்குச் சேர்ந்தே போங்க.”

“நடுவுல நின்னா ஜோடியெல்லாம் கிடைக்குதா சார்?” என்றான் பஸ்தியான். “தெரிஞ்சிருந்தா நானும் பொய் சொல்லியிருப்பேனே.”

வகுப்பு சிரித்தது. வெசெலிங்கும் சிரித்தார். ஃபென்னாவும் சிரிக்க வேண்டியிருந்தது.

மணி அடித்த பிறகு சைக்கிள் கொட்டகையில் வேண்டுமென்றே தாமதித்தாள். பையைத் திறந்து மூடினாள். யோரித் கிளம்பவில்லை. தன் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருந்தான். நமக்காகத்தான் காத்திருக்கிறான் என்று அவள் பற்களைக் கடித்தாள்.

“நடு ரெண்டும் கிளம்புதா இல்லையா? மழை வரப் போகுது” என்று பஸ்தியான் கூட்டத்தோடு வந்து நின்றான். இனி நழுவ வழியில்லை.

அவளுடைய தெருமுனை வந்தது. திரும்பிப் பார்க்காமல் கடந்தாள்.

பாலத்தைத் தாண்டியதும் பஸ்தியானின் கூட்டம் கையசைத்துவிட்டு நேராகப் போய்விட்டது. கால்வாய் ஓரத்துப் பாதை இடப்பக்கமும் போனது, வலப்பக்கமும் போனது.

ஃபென்னா பிரேக்கைப் பிடித்தாள். அவன் எந்தப் பக்கம் திரும்புகிறானோ அந்தப் பக்கமே போவது, ஏதாவது ஒரு வாசலில் நின்று கையசைப்பது, அவன் மறைந்ததும் திரும்பி வருவது. இதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை.

யோரித்தும் ஒரு காலைத் தரையில் ஊன்றியிருந்தான்.

“நீ முன்னால போ” என்றாள்.

“பரவாயில்ல. நீயே போ.”

தூறல் விழ ஆரம்பித்தது. அவன் வழிகாட்டிப் பலகையில் இருந்த ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தான். படித்து முடித்துவிட்டு, இடப்பக்கம் பார்த்தான். வலப்பக்கம் பார்த்தான்.

அப்புறம், அவள் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தான்.