ஓரத்தில் நிற்க வேண்டியவர்

தங்கை கல்யாணத்தின் ஃபோட்டோ செலவு சுகந்தியுடையது. ட்ரோன் வேண்டாம், ஆல்பம் நாற்பது பக்கம் போதும் என்று பேரம் பேசி, தன் சம்பளத்திலிருந்து அட்வான்ஸும் கொடுத்தாள். ஃபோட்டோகிராஃபர் நோட்டைப் பிரித்தார்.

"குடும்பப் படத்துல யாராச்சும் சந்தேகமான ஆளு இருந்தா இப்பவே சொல்லிடுங்க. ஓரமா நிறுத்திடறேன். பின்னாடி வேணாம்னா வெட்டிக்கலாம், படம் கெடாது."

அம்மா யோசிக்கக்கூட இல்லை. "மூத்தவ புருஷனை விட்டுட்டு வந்திருக்கா தம்பி. சம்பந்தி வீட்டுல நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. அவளை ஓரமா நிறுத்திருங்க."

"மூத்தவங்க பேரு?"

"சுகந்தி. நான்தான், எழுதிக்குங்க."

அவளுடைய கல்யாண ஆல்பமும் அலமாரியில்தான் இருக்கிறது. அதில் வெட்ட வேண்டியவன் நட்டநடுவில் நிற்கிறான், அவள் கையைப் பிடித்துக்கொண்டு.