டிக்ளைன்ட்

புருஷன் வேல்பாண்டியின் நாலாம் வருஷத் திதிக்கு வந்த நாத்தனார் ராஜாத்தியை, ஹேமாவதி இந்த முறையும் வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

கூடலூரில் யாரும் அதைத் தப்பென்று சொல்லவில்லை. அண்ணனுக்குக் கிட்னி கொடுக்கிறேன் என்று மதுரை வரை வந்து, டெஸ்ட்டெல்லாம் பொருந்திய பிறகு, "எனக்குப் பயமா இருக்கு மதினி" என்று ஒதுங்கிக்கொண்டவள் அவள்.

எட்டே மாதத்தில் வேல்பாண்டி போய்விட்டான்.

ஆஸ்பத்திரி ஃபைலிலும் அப்படித்தான் இருந்தது. 'டோனர் ஃபிட். பேஷண்ட் டிக்ளைன்ட்.' அப்போது பத்தாவது படித்த மகள் யுவராணி அகராதியைப் பார்த்தாள். டிக்ளைன் என்றால் குறைவது, நலிவது என்று போட்டிருந்தது. அத்தை ஒதுங்கிக்கொண்டதில் அப்பா உடம்பு நலிந்துவிட்டது என்று தாயும் மகளும் புரிந்துகொண்டார்கள்.

யுவராணி இப்போது நர்சிங் இரண்டாம் வருஷம். திதிக்கு வந்தவள், அத்தை திரும்பிப் போன மத்தியானம் அந்த ஃபைலை எடுத்துப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் வெகுநேரம் நின்றாள்.

"அம்மா, ஆஸ்பத்திரியில இதுக்கு வேற அர்த்தம். பேஷண்ட் வேணாம்னுட்டாருன்னு எழுதியிருக்கு. மறுத்தது அத்தை இல்லம்மா. அப்பா."

ஹேமாவதி அடுத்த பஸ்ஸில் ராஜாத்தியின் ஊரான தேவாரத்துக்குப் போனாள்.

முறத்தில் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த ராஜாத்தி, மதினியைக் கண்டதும் எழுந்து நின்றாள். ஃபைலைப் பற்றிக் கேட்டதும் மறைக்கத் தெரியவில்லை. ரெண்டு சின்னப் பிள்ளை வைத்திருப்பவளை அறுக்க விடமாட்டேன் என்று, அண்ணன் டாக்டரிடம் ஒரே பிடியாக நின்றதைச் சொன்னாள்.

"அப்ப பயமா இருக்குன்னு ஏன் எங்கிட்ட சொன்ன?" ஹேமாவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் மேல மண்ணை வாரித் தூத்துனேனே. அவுக மொகத்தக்கூட கடைசியாப் பாக்க விடலயே."

ராஜாத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணன்தான் அப்படிச் சொல்லச் சொன்னாக மதினி. 'நான் போயிட்டா ஹேமாவுக்கு யாரு மேலயாச்சும் கோவப்படணும், இல்லாட்டி ஒடஞ்சிருவா. என் மேல கோவப்பட்டா அவளுக்குத்தான் வலிக்கும். அந்தக் கோவத்த நீ வாங்கிக்க'ன்னாக."